உடம்பை அதன்பாட்டில் விட்ட கதை

என்னைப் போல ஒரு தைரியசாலி வெள்ளவத்தையில் வலை போட்டுத் தேடினாலும் கிடைக்கமாட்டான். இதை நானேதான் சொல்லித் திரிந்தேன். வேறு யாரும் சொன்னதாக நினைவில்லை. சண்டைக் காலம் முழுக்கக் கொழும்பில் இருந்தும் எந்தச் சோதனைச் சாவடியும் என்னை அசைக்கவில்லை என்று மகளுக்குக் கதை விடுவேன். ஆனால் தோள் இரண்டும் காதடியிலேயே குடியிருந்தன. நித்திரையும் இல்லை. டொக்டர்மார் எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு, ஒரு பிழையும் இல்லை என்றார்கள்.

மனைவி சாந்தி பொறுமை இழந்தாள். "உடம்புக்குள்ள இறுகிக் கிடக்கிற பயத்தை வெளியில எடுக்கிற வகுப்பாம், நுகேகொடையில. சனிக்கிழமை போறம்."

"பயமோ? எனக்கோ?"

"பயமில்லாட்டி வந்து சும்மா நில்லுங்கோவன்."

(சும்மா நிற்கத்தான் போனேன்.)

வகுப்பில் எட்டுப் பேர். பயிற்சி தந்த பிள்ளைக்கு இருபத்தைந்து வயதிருக்கும். "கண்ணை மூடுங்கோ அங்கிள். நான் பின்னால வந்து தோளில கை வைப்பன். உடம்பு என்ன செய்ய விரும்புதோ, அதன்பாட்டில விடுங்கோ."

விட்டேன். அதுதான் பிழை.

கை பட்டதுதான் தாமதம், உடம்பு விறுக்கென்று சுவர்ப் பக்கம் திரும்பியது. கால்கள் அகன்றன. ஒரு கை மேலே போனது. மற்றக் கை சட்டைப்பையிலிருந்து அடையாள அட்டையை உருவி நீட்டியது. வாய் என்னைக் கேட்காமலே, "மென்ன ஐசி எக்க, சேர்!" என்றது. (இந்தாங்கோ அடையாள அட்டை, ஐயா. இந்தச் சிங்களம் மட்டும் எனக்குத் தூக்கத்திலும் பிசகாது.)

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். நானும் சமாளிக்கச் சிரித்தேன். அது எந்த இடத்தில் அழுகையாக மாறியதென்று தெரியவில்லை. பெஞ்சாதிக்கு முன்னால், எட்டுப் பேர் பார்க்க, மூக்குச் சிந்திச் சிந்தி அழுதேன்.

அந்தப் பிள்ளை சிரிக்கவில்லை. அட்டையை வாங்கி இரண்டு பக்கமும் ஆறுதலாகப் பார்த்தாள். பிறகு என் சட்டைப்பையிலேயே திருப்பி வைத்தாள்.

"எல்லாம் சரி அங்கிள். நீங்க போகலாம்."

அந்தக் காலத்தில் எத்தனையோ தரம் கேட்ட வார்த்தைதான். உடம்புக்கு அன்றைக்குத்தான் கேட்டது.

வரும் வழியில் சாந்தி என் கையை விடவில்லை. "பயமா இருந்ததெண்டு ஒருநாளாவது என்னட்டச் சொல்லியிருக்கலாமேயப்பா" என்றாள்.

இப்போது எங்கள் வீட்டில் என் தோள் கொஞ்சம் உயர்ந்தால் போதும், மகள் கையை நீட்டி, "ஐசி எக்க?" என்பாள். நான் கையில் கிடைத்ததைக் கொடுக்கவேண்டும். பேப்பர், ரிமோட், ஒருநாள் பாதி கடித்த வடை.

போன ஆவணியில் அவளைப் பெண் பார்க்க வத்தளையிலிருந்து வந்தார்கள். எனக்குப் பதற்றம், தோள் காதில் முட்டியது. மகள் பழக்கதோஷத்தில் சபை நடுவே கையை நீட்டிவிட்டாள். "ஐசி எக்க?"

எனக்கு முந்தி எழும்பி நின்று தன் அடையாள அட்டையை நீட்டியவர் மாப்பிள்ளையின் தகப்பன். சம்பந்தம் அன்றைக்கே சரிவந்தது.