'தாய்மடி' கண்ட மாபெரும் வெற்றி

மனிதகுலத்தின் முதல் சாதனை சக்கரம். இரண்டாவது, சிவகாசிக்குப் பக்கத்துக் கல்லூரி ஒன்று வடிவமைத்த 'தாய்மடி' செயலி. நடுவில் நடந்ததெல்லாம் சில்லறை வேலை. இது செயலியைப் பெற்றெடுத்த பேராசிரியர் முத்துக்கிருஷ்ணனின் பணிவான கருத்து.

மாணவர்களின் குறையைச் செல்போனிலேயே தீர்ப்பது 'தாய்மடி'. குறையை எழுதினால் பெற்றோர் போனுக்கு ஓடிபி போகும். அதைப் பத்து நிமிடத்துக்குள் செயலியில் பதிய வேண்டும். பெற்றோருக்குத் தெரியாமல் பிள்ளைகள் குறைப்பட்டுவிடக் கூடாதே என்ற 'பெருங்கருணை'. மாலை ஐந்து மணிக்கு மடி மூடப்படும். தாய்க்கும் ஓய்வு வேண்டுமல்லவா?

மதிப்பீட்டுக் குழு வரவிருந்த அன்று மதியம், மாணவி அழகுமீனா முத்துக்கிருஷ்ணன் அறை வாசலில் வந்து நின்றாள். அப்பாவை ஆஸ்பத்திரியில் சேர்த்த நாளில் செய்முறைத் தேர்வைத் தவறவிட்டவள். மறுதேர்வு கேட்டுச் செயலியில் பதிய அன்றுதான் கடைசி நாள். விட்டால் ஒரு வருடம் போச்சு.

"சார், ஓடிபி அம்மா போனுக்குப் போகுது. அம்மா தாயில்பட்டிக்கு வெடி வேலைக்குப் போயிருக்காக. அங்கன போனை அணைச்சு கேட்லயே வாங்கி வச்சுருவாக. அஞ்சரைக்குத்தான் திருப்பிக் குடுப்பாக."

"நம்பரை மாத்திக்கோம்மா."

"மாத்துறதுக்கும் அம்மா போனுக்குத்தான் சார் ஓடிபி போகுது."

முத்துக்கிருஷ்ணனுக்கு மெய்சிலிர்த்தது. என்ன ஒரு பாதுகாப்பு!

"தாள்ல எழுதித் தரட்டுமா சார்?"

"தாளா? குழு வர்ற நேரத்துல மேஜையில ஒரு தாள் கிடந்தா என் மானம் என்னாகுறது?"

ஆனாலும் இரக்கம் உள்ளவர். அவள் அம்மா வேலை பார்க்கும் பட்டாசுக் கம்பெனிக்கே போன் போட்டார். வாட்ச்மேன் காளிராஜ் எடுத்தார்.

"அய்யம்மாள்ங்கிறவங்க கையில அவங்க போனைக் கொஞ்சம் குடுங்க. அவங்க விரல் வச்சாத்தான் திறக்குமாம். கல்வி சம்பந்தப்பட்ட விஷயம்."

"அவுக வெடிக்குள்ள மருந்து செலுத்திக்கிட்டு இருக்காக சார். பாதியில எந்திரிக்கக் கூடாது. நான் போனை உள்ள கொண்டுபோனா உங்களுக்கு நம்பர் வந்துரும், எங்களுக்கு ஷெட்டு இருக்காது. எது வேணும்னு சொல்லுங்க."

முத்துக்கிருஷ்ணன் சற்று யோசித்தார் என்பதையும் நேர்மையாகப் பதிவு செய்ய வேண்டும். பிறகு போனை வைத்துவிட்டார்.

குழு வந்தது. தலைவர் மகேஷ்குமார் முந்திரிப்பருப்பை மென்றபடி கேட்டார்.

"இந்த மாசம் எத்தனை குறை வந்துச்சு?"

"ஒண்ணுகூட இல்ல சார்!"

"அடேயப்பா! வாசல்ல நிக்கிற பொண்ணு யாரு?"

"பயனாளி சார்."

"சார், மணி அஞ்சாகப் போகுது சார்" என்றாள் அழகுமீனா.

"பாத்தீங்களா? செயலியோட நேரம் பிள்ளைகளுக்கு எம்புட்டு மனப்பாடம்!"

குழு கைதட்டியது. 'குறைகளே இல்லாத கல்லூரி' என்று அறிக்கை எழுதிக் கையெழுத்திட்டது. அது முடிவதற்குள் ஐந்து அடித்து, மடியும் மூடிக்கொண்டது.

வெடி விபத்தில் ஆள் கருகினால் இந்தப் பக்கத்தில் ஃபோர்மேனைக் கைது செய்வார்கள். சத்தமே இல்லாமல் ஒரு பெண்ணின் ஒரு வருடத்தைக் கருக்கிய முத்துக்கிருஷ்ணனுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள்.