எடைமேடை அண்ணனின் கொசுவலை

அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் லாரிகளை வரிசையாக நிறுத்தி, "ஒங்க புள்ள பொறந்தப்ப ஒரு நாளைக்கு எத்தனை துணி நனைச்சுது?" என்று விசாரித்த மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான். அவர் எங்கள் எடைமேடை அண்ணன்.

சரக்கோடு லாரியை எடை போட்டு, பிறகு வெறும் லாரியை எடை போட்டு, கழித்துச் சொல்வது அவர் வேலை. பக்கத்து மேசையில் சீட்டு கிழித்துக் கொடுப்பது என் வேலை. எங்கள் மேடை பத்துப் பத்துக் கிலோவாகத்தான் காட்டும். எனக்கு ஆட்களிடம் பேசவே கூச்சம். அவருக்கோ எதையும் கேட்காமல் இருக்க முடியாது. அதனால் எங்களுக்குள் நன்றாக ஒத்துப்போனது.

அண்ணிக்கு ஐந்தாம் மாதம் நடந்தபோது விசாரணை தொடங்கியது. முதலில் மாட்டியவர் லப்பைக்குடிக்காட்டு டிரைவர் பாய்.

"நான் அப்ப துபாய்ல இருந்தேங்க. எனக்கென்ன தெரியும்?"

"வூட்டுல கேட்டுச் சொல்லுங்க பாய். நான் இருக்கேன்."

பின்னால் பதினோரு லாரிகள் ஹாரன் அடிக்க, பாய் மனைவிக்குப் போன் போட்டார். "பன்னெண்டுக்குக் கொறையாதாம்ங்க. பத்து வருசம் கழிச்சு இப்பத்தான் கேக்கத் தோணுச்சான்னு என்னையத் திட்டுறா!"

பன்னிரண்டு என்று சீட்டின் பின்பக்கம் குறித்துக்கொண்டார். ஆனால் அது போதவில்லை. பிரசவம் ஐப்பசியில். அடைமழையில் துணி காய எவ்வளவு நேரமாகும்? பழைய வேட்டியைச் சதுரம் சதுரமாகக் கிழித்தார். ஒவ்வொன்றிலும் அரை டம்ளர் தண்ணீர் ஊற்றிப் பிழிந்து, ஆபீஸ் அறைக்குள் கயிறு கட்டிக் காயப்போட்டு, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். வெயில் நாளில் ஒரு மணி நேரம். மழை நாளில் ஃபேன் போட்டும் ஏழு மணி நேரம். சுண்ணாம்புத் தூசியில் காய்ந்த துணிகள் அப்பளம் மாதிரி விறைத்து நின்றன.

அந்த நேரம் பார்த்து முதலாளி வந்தார். கம்ப்யூட்டருக்கு மேல் தொங்கிய எட்டுத் துணிகளையும் பார்த்தார்.

"யாரு புள்ளைய்யா ஆபீசுல இருக்கு?"

"இன்னும் வரலைங்க சார். மூணு மாசம் ஆவும்."

கடைசியில் இருபத்துநான்கு துணி என்று முடிவானது. மற்ற சாமான்களுக்கு மூன்று பட்டியல் போட்டார். முதலாவது, பிறந்த அன்றைக்கே வேண்டியவை. இரண்டாவது, பொறுத்து வாங்கலாம் என்பவை. மூன்றாவதற்கு அவர் வைத்த தலைப்பு, 'கடைக்காரர் மகள் கல்யாணத்துக்கு'. அதில்தான் ஷூ, பவுடர் டப்பா, பாட்டுப் பாடும் கரடி எல்லாம் இருந்தன. "நடக்காத புள்ளைக்கு ஷூ எதுக்கு தம்பி? ஷெட்டுல நிக்கிற வண்டிக்கு டோல்கேட் பணம் கட்டுவியா?"

முதல் பட்டியலை வாங்கக் கிளம்பியபோது டீக்கடை அக்கா தடுத்தது.

"பொறக்குறதுக்கு முன்னாடி சாமான் வாங்கி வூட்டுல வைக்கக்கூடாதுங்க. ஆவாது."

"வூட்டுல தான வைக்கக்கூடாது? ஒன் வூட்டுல வைக்கலாம்ல?"

அப்படியே செய்தார். குளிக்க வைக்கும் டப் டீக்கடை அக்கா வீட்டில். ரப்பர் ஷீட் பஞ்சர் கடையில். துணி மூட்டை பாய் வீட்டில். குடை மாதிரி விரியும் கொசுவலை என் வாடகை அறையில். எல்லோருக்கும் ஒரே உத்தரவு: "யாரும் எங்கிட்ட எதுவும் கேக்கக்கூடாது. நானே வந்து வாங்கிக்குவேன்."

உலகத்தையே கேள்வி கேட்கிறவர் ஏன் இப்படிச் சொல்கிறார்? எனக்கு அது பெரிய அதிசயமாக இருந்தது. கூச்சத்தை விட்டுக் கேட்டேன்.

அவர் எடை காட்டும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "போன தடவை எல்லாத்தையும் வூட்டுல வாங்கி வச்சிருந்தோம் தம்பி. ஆஸ்பத்திரியிலேருந்து ரெண்டு பேராத்தான் திரும்புனோம். கதவத் தொறந்தா, அந்தச் சின்ன டப்பு. ஒங்க அண்ணி அத ஒரு வாரம் பாத்துக்கிட்டே கெடந்துச்சு. இந்தத் தடவையும் அப்படின்னா, நான் வரமாட்டேன். எல்லாரும் அப்படியே மறந்துருங்க."

அதற்குமேல் கேட்காமல் அடுத்த லாரிக்குச் சீட்டு கிழித்தேன்.

கேள்விகள் எனக்கு வேறு பக்கமிருந்து வந்தன. வீட்டுக்கார அக்கா ஜன்னல் வழியாகக் கொசுவலையைப் பார்த்துவிட்டது. நாற்பத்திரண்டு வயது பிரம்மச்சாரி அறையில் ரோஸ் கலர் கொசுவலை!

"தம்பி, எதா இருந்தாலும் அக்காகிட்டச் சொல்லுங்க. எத்தனாவது மாசம்?"

பதற்றத்தில் உண்மையைச் சொல்லிவிட்டேன். "எட்டுங்க."

அன்று முதல் அக்கா என்னைப் பார்த்த பார்வையை எழுத எனக்குப் படிப்பு போதாது.

ஐப்பசியில் அண்ணியை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அண்ணன் லீவு. முதல் நாள் தகவல் இல்லை. இரண்டாம் நாளும் இல்லை. பாய் லாரியிலிருந்தே என்னைப் பார்த்துப் புருவத்தைத் தூக்குவார். நான் இல்லை என்று தலையாட்டுவேன். பஞ்சர் கடைக்காரர் ரப்பர் ஷீட்டைக் கண்ணில் படாதபடி டயர்களுக்குப் பின்னால் தள்ளி வைத்துவிட்டார். நான் தினமும் கொசுவலையைத் தூசி தட்டினேன். மூன்றாம் நாள் தட்டவும் பயமாக இருந்தது.

அன்று மத்தியானம் நல்ல மழை. நான் சாப்பிட அறைக்கு வந்திருந்தேன். வாசலில் வண்டிச் சத்தம். சொட்டச் சொட்ட அண்ணன் நின்றார். முகத்தைப் பார்த்து என்னால் எதையும் கண்டுபிடிக்க முடியவில்லை. வாய்வரை வந்த கேள்வியை விழுங்கினேன்.

"தம்பி," என்றார். "அந்தக் கொசுவலையக் கொஞ்சம் எடுத்துட்டு வா."

எடுத்து வந்தேன். மழை படாமல் பாலிதீனில் சுற்ற எனக்கு வெகு நேரம் ஆனது. வீட்டுக்கார அக்கா எட்டிப் பார்த்து, என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தது.

"என்ன புள்ள?"

"பொம்பளப் புள்ளங்க," என்றார் அண்ணன், ஏதோ அக்காதான் ஆரம்பத்திலிருந்து பொறுப்பு மாதிரி.

இருபதாம் நாளே குழந்தையைத் தூக்கிக்கொண்டு மேடையில் ஏறி நின்றார். எழுபது. குழந்தையை அண்ணியிடம் கொடுத்துவிட்டு ஏறினார். அதே எழுபது. "முப்பது டன்னத் தூக்குது, எம்மவளத் தெரியலங்குது!" என்று மெஷினைத் திட்டினார். மாதாமாதம் இது நடந்தது. பத்தாவது மாதம் ஒருநாள் திரையில் எண்பது விழுந்தது. லாரிகள் நிற்க, அவர் சீட்டை எழுதினார். மொத்த எடை 80. வண்டி எடை 70. வண்டி என்ற இடத்தில் அவர் பெயர். சரக்கு என்ற இடத்தில், 'மகள், 10'.

"நீ வச்சுக்க தம்பி. ஒங்கிட்டன்னா பத்திரமா இருக்கும்."

அந்தச் சீட்டை மட்டும் அவர் இன்னும் திருப்பிக் கேட்கவில்லை. கேட்டாலும் நான் கொடுப்பதாக இல்லை.