பாஞ்சாலியின் சூட்டுக்கு ஊரெல்லாம் டாக்டர்

கேட்காமலே வைத்தியம் சொல்கிறவர் என்று ஓர் இனம் உண்டு. இந்த இனத்துக்குப் படிப்பு வேண்டாம், ஊசி வேண்டாம், வாசலில் போர்டு வேண்டாம். பக்கத்து வீட்டில் ஒரு தும்மல் போதும். தும்மியவர் மூக்கைத் துடைப்பதற்குள் வாசலில் வந்து நிற்பார், கையில் ஒரு பிடி தழை இருக்கும், வாயில் 'நான் சொல்றதைக் கேளு' இருக்கும், பின்னாலேயே ஒரு டேங்கர் லாரி கஷாயமும் வரும். இவர் வைத்தியத்தில் பிழைத்தவர் யார் என்று கேட்கிறீர்களா? கேட்கக் கூடாது. பிழைத்தால் இவரால், படுத்தால் இங்கிலீஷ் மருந்தால். அவ்வளவுதான் சட்டம்.

எங்கள் இண்டூரில் இந்த இனத்துக்குத் தலைவி ராமக்காள். உலகத்து நோய்களையெல்லாம் ஒரே சொல்லில் அடக்கியவர். தலைவலியா? சூடு. மூட்டுவலியா? சூடு. சாலம்மாள் மகன் வண்டியோடு வாய்க்காலில் விழுந்து காலை உடைத்துக்கொண்டானே? அதுவும் சூடுதான், சூடு கண்ணை மறைத்ததால் வளைவு தெரியவில்லையாம்.

ராமக்காளின் பக்கத்து வீட்டுக்காரி பாஞ்சாலி. ஐம்பதைத் தாண்டியவள். மாதவிடாய் நின்று மூன்று வருடமாகிறது. அது போன இடத்தில் ஓர் அடுப்பு வந்து உட்கார்ந்துகொண்டது. சும்மா இருக்கும்போதே நெஞ்சில் குப்பென்று பற்றும், கழுத்துக்கு ஏறும், முகம் தக்காளியாகும், அப்புறம் வேர்வை ஓடும் பாருங்கள், மோட்டார் வைத்து இறைத்தால் அரை ஏக்கர் மஞ்சளுக்குப் பாய்ச்சலாம். அவள் வைக்கும் ஃபேன் வேகத்தில் கட்டிலே பறந்துவிடுமோ என்று புருஷன் மாது சித்திரை மாதத்தில் கம்பளிக்குள் நடுங்கிக் கிடப்பான். தூக்கம் கெட்ட மயக்கத்தில் ஒருநாள் மாட்டுக்கு வைத்திருந்த புண்ணாக்கை எடுத்துக் குழம்பில் போட்டுவிட்டாள். மாது இரண்டாம் தடவை கேட்டு வாங்கி ஊற்றிக்கொண்டான். அது வேறு கதை.

ராமக்காள் விடுவாரா? வெந்தயம் கொடுத்தார், நுங்கு கொடுத்தார், ராகிக்கூழை அண்டாவில் கரைத்துக் கொடுத்தார். தொப்புளில் விட்ட விளக்கெண்ணெயில் பத்து வடை சுட்டிருக்கலாம். அடுப்பு மட்டும் அணையவில்லை.

கடைசியில் பாஞ்சாலி சத்தமில்லாமல் பஸ் ஏறி, தர்மபுரியில் ஒரு டாக்டரம்மாவைப் பார்த்தாள். அவர் பிரஷர் பார்த்தார். மார்பில் கட்டி உண்டா, காலில் ரத்தம் உறைந்ததுண்டா, குடும்பத்தில் யாருக்கு என்ன என்று கேட்டார். ஹார்மோன் மருந்து போட்டால் இந்தச் சூடு நன்றாகக் குறைய வாய்ப்புண்டு, ஆனால் எல்லாருக்கும் ஒத்துக்கொள்ளாது, கொஞ்சம் ஆபத்தும் உண்டு என்று ஒளிக்காமல் சொன்னார். "வியாழக்கெழமை மார்புக்கு ஸ்கேன் எடுத்துட்டு வாங்க. உங்க உடம்பு, நீங்களும் நானும் சேந்து முடிவு பண்ணலாம்" என்றார்.

பாஞ்சாலி வீட்டுக்கு வருவதற்கு முன்பே செய்தி ராமக்காளிடம் வந்துவிட்டது. எப்படி? அதை நாசாதான் சொல்ல வேண்டும்.

"ஆர்மோனாடி போடப் போற? அது எருமைக்குப் போடுறதுடி! மீசை மொளைக்கும். ஏரியூர்ல ஒருத்தி வாராவாரம் சவரம் பண்ணிக்கிறா."

"நீங்க பாத்தீங்களாக்கா?"

"அவளைப் பாத்தவளை நான் பாத்தேன்."

மாது பயந்துபோனான். "மீசை வேணாம் பாஞ்சாலி, வூட்டுக்கு ஒண்ணு போதும். ஸ்கேனும் வேணாம், ஒண்ணும் வேணாம்."

செவ்வாய்க்கிழமை மாரியம்மன் பண்டிகை. கூட்டமென்றால் கூட்டம், பம்பைச் சத்தம், கற்பூரப் புகை. நட்டநடுவில் மாவிளக்குத் தட்டோடு நின்ற பாஞ்சாலிக்குக் குப்பென்று பற்றியது. தட்டைப் பக்கத்திலிருந்தவள் கையில் தள்ளினாள், கழுத்தில் காற்றுப் பட வேண்டுமென்று கொண்டையை அவிழ்த்து உதறினாள், எதிரே தொங்கிய வேப்பங்கொத்தைப் பிடுங்கி விசிறிக்கொண்டே அப்படியும் இப்படியும் ஆடினாள். ஊர் என்ன நினைக்கும்?

"ஆத்தா வந்துட்டாடீ!" முதல் குரல் ராமக்காளுடையது.

பூசாரி மாரப்பன் ஒரு குடம் மஞ்சள் தண்ணீரைத் தலையில் கவிழ்த்தார். பாஞ்சாலிக்கு மூன்று வருடத்தில் இப்படியொரு சுகம் கிடைத்ததில்லை.

"அப்பாடா... இன்னொரு கொடம் ஊத்துங்க!"

"ஆத்தா இன்னொரு கொடம் கேக்குறா! ஓடுங்கடா!"

"அய்யோ, சாமியும் இல்ல ஒண்ணும் இல்லைங்க. எனக்கு வேர்க்குது, வுடுங்க!"

"கோவமா இருக்கா" என்றார் மாரப்பன்.

ராமக்காள் நெடுஞ்சாண்கிடையாகக் காலில் விழுந்தார். "தாயே, என்னா கொறை வெச்சோம்? வாயத் தொறந்து சொல்லு."

மூன்று வருடமாகக் கெட்ட தூக்கமெல்லாம் பாஞ்சாலியின் நாக்குக்கு வந்தது.

"என்னா கொறையா? வெந்தயம் குடுத்தே கொன்னுட்டியேடி! வியாழக்கெழமை ஸ்கேனுக்குப் போவணும். மாத்திரை வேணுமா வேணாமான்னு டாக்டரம்மாவும் நானும் பேசிக்கிறோம். நடுவுல எவளும் வாயத் தொறக்கக் கூடாது!"

கொஞ்சநஞ்சமிருந்த சந்தேகமும் தீர்ந்தது. அக்கா, அக்கா என்று குழைகிறவள் ராமக்காளை 'டி' போட்டுவிட்டாள் என்றால், ஆத்தா அல்லாமல் வேறு யார்?

"உத்தரவு ஆச்சு!" என்று மாரப்பன் கற்பூரம் கொளுத்தினார். மாது நனைந்த கோழியாய்க் கைகூப்பினான். "நானே கூட்டிட்டுப் போறேன் தாயே!"

போனார்கள். ஸ்கேனில் ஒன்றுமில்லை. பாஞ்சாலி கேட்க வேண்டியதையெல்லாம் கேட்டாள், மீசை உட்பட. டாக்டரம்மா சிரித்து முடித்து, பதில் சொன்னார். போட்டுப் பார்க்கலாம், சில மாதம் கழித்து மறுபடி பேசலாம் என்று இருவரும் முடிவு செய்தார்கள். சில வாரத்தில் அடுப்பு தணிந்தது. பாஞ்சாலி இப்போது போடும் குறட்டையில் ஓடு நகர்கிறது என்று மாது புகார் சொல்கிறான். அவன் முகத்தில் மட்டும் அப்படியொரு சந்தோஷம்.

ராமக்காள் திருந்தியிருப்பார் என்கிறீர்களா? நீங்கள் அவ்வளவு நல்லவரா? இப்போது வீடுவீடாக 'ஆத்தா சொன்ன மாத்திரை'தான்.

"எனக்குக் கால்ல ரத்தம் ஒறஞ்சதுண்டு அக்கா. டாக்டரே இது உனக்கு ஆவாதுன்னுட்டாங்க" என்றாள் ரோசம்மாள்.

"அவங்க கெடக்குறாங்க. நீ பாதி போடு."

இருமிக்கொண்டிருந்த பூசாரி மாரப்பனுக்கும் பாதி சிபாரிசு ஆனது. ஆம்பளைக்கு எதுக்கு என்று அவர் கேட்டதற்கு, 'சாமி கும்புடுறவரு இப்படிக் கேக்கலாமா?' என்று பதில்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் பாஞ்சாலிக்கு வேர்த்தது என்று படித்த இடத்தில், 'அந்தப் பொம்பளை காலையில வெறும் வயித்துல ஒரே ஒரு டம்ளர்...' என்று உங்கள் நாக்கு நுனிக்கு ஒன்று வந்ததே, அதை விழுங்கிவிட்டீர்களா? இல்லை, பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற அந்த அப்பாவியிடம் ஏற்கெனவே சொல்லிவிட்டீர்களா?