விடாமல் கேட்ட கம்ப்யூட்டர்

“ரயிலைப் பத்திக் கேட்டா வண்டி வண்டியாப் புத்தகம் காட்டுது! எங்க தாத்தா ஊருக்கு அந்தக் காலத்துல ரயில் போச்சா இல்லையான்னுதான் எனக்குத் தெரியணும்!”

மாணவன் கத்திவிட்டுப் போனான். லொரெய்ன் பல்லைக் கடித்தாள். ஒஹாயோவில் அந்தக் கல்லூரி நூலகத்தில், வருகிறவர்களின் கேள்விக்குப் பதில் சொல்வது அவள் வேலை. 1987-இல் அந்த வேலையைக் கம்ப்யூட்டருக்குக் கற்றுக்கொடுத்தே தீருவதென்று கங்கணம் கட்டிக்கொண்டு, விதி விதியாக எழுதி ஊட்டியிருந்தாள். வெள்ளிக்கிழமை இயக்குநர் ஹாலோவே சோதித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டால் திட்டம் பிழைக்கும். இல்லாவிட்டால் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

“தப்பு என்மேலதான்,” என்றாள் இயக்குநரின் செயலாளர் வெர்னாவிடம். “முதல் கேள்வியை நம்பி எந்த நூலகராவது அலமாரிக்கு ஓடுவாங்களா? ‘எதுக்கு வேணும்?’னு திருப்பிக் கேக்கணும்ல? அதைச் சொல்லிக்குடுக்க மறந்துட்டேன்.”

சொல்லிக்கொடுத்தாள். மறுநாளே ஒரு பேராசிரியை வந்து மேசையைத் தட்டினார்.

“சமையல் புத்தகம் கேட்டேன். எதுக்கு, யாருக்கு, ஏன் இப்பன்னு குடையுது. என் மாமியார்கூட இவ்வளவு கேட்டதில்ல!”

“மன்னிச்சிடுங்க. கனிவாக் கேக்கச் சொல்றேன்.”

கனிவு சேர்ந்தது. ‘தயங்காமல் மனசைத் திறந்து சொல்லுங்கள். உண்மையில் உங்களுக்கு என்னதான் வேண்டும்?’ என்று கேட்டது கம்ப்யூட்டர். பதில் வரும்வரை விடவில்லை. மாணவர்கள் அந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்கவில்லை.

“விட்டுத் தொலையேன்டி,” என்றாள் வெர்னா.

“மாட்டேன். ஒருத்தராவது தனக்கு வேண்டியது இன்னதுன்னு கண்டுபிடிச்சு எழுந்து போகணும். அதைப் பாக்காம ஓய மாட்டேன்.”

வெள்ளிக்கிழமை ஹாலோவே வந்தார். முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. ஒற்றை விரலால் ‘தேனீ வளர்ப்பு’ என்று தட்டினார்.

‘எதற்கு?’

‘சும்மா.’

‘தயங்காமல் மனசைத் திறந்து சொல்லுங்கள்...’

ஹாலோவே தட்டினார், யோசித்தார், மறுபடி தட்டினார். பக்கத்தில் அவருடைய சாண்ட்விச் காய்ந்துகொண்டிருந்தது. கடைசியில் எழுந்தபோது அவர் கண் கலங்கியிருந்தது.

“இத்தனை வருஷத்துல என்கிட்ட யாரும் இதைக் கேட்டதே இல்லம்மா. பிரமாதம்!”

அவள் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டு விடுவிடுவென்று தன் அறைக்குப் போனார். ஜெயித்துவிட்டோம் என்று லொரெய்ன் துள்ளிக் குதித்தாள்.

சற்று நேரத்தில் வெர்னா மூச்சிரைக்க ஓடிவந்தாள்.

“கையெழுத்துப் போட்டாரா?”

“போட்டுட்டாரு, ராஜினாமாவுல! தேனீ வளர்க்கப் போறாராம்.”