நாற்பதுக்கு ஒன்று குறைவு

எண்ணிக்கைப் பேராசிரியர் என்று ஓர் இனம் உண்டு. எல்லாத் துறைகளிலும் மேயும். நோய் எதிர்ப்பியல் ஆய்வுக்கூடத்தில் கொஞ்சம் கொழுத்து வளரும். அடையாளம் காண்பது சுலபம். காலையில் பல் துலக்குமுன் செல்போனைத் திறந்து, தன் கட்டுரைகளை உலகம் நேற்று எத்தனை முறை மேற்கோள் காட்டியது என்று பார்ப்பார். துலக்கிய பிறகு, அந்த இரண்டு நிமிடத்தில் உலகம் திருந்தியிருக்கிறதா என்று மறுபடி பார்ப்பார். ஒரு விஷயத்தை முழுதாகச் சொன்னால் ஒரு கட்டுரைதானே தேறும்? அதனால் எலியின் மண்ணீரலுக்கு ஒன்று, அதே எலியின் ரத்தத்துக்கு ஒன்று, அதே எலியின் குடலுக்கு ஒன்று என்று கூறு போட்டு விற்பார். வால்தான் பாக்கி. அதற்கும் ஆள் போட்டிருப்பார்.

அப்படி ஒருவருக்கு மாணவர்கள் வைத்த பெயர் முப்பத்தொன்பது. போன வருடம் அவர் முப்பத்தேழு. கணக்கு இதுதான்: நாற்பது கட்டுரைகள், ஒவ்வொன்றுக்கும் குறைந்தது நாற்பது மேற்கோள் என்றால் அந்த ஆளின் மதிப்பு நாற்பது. இவருக்கு முப்பத்தொன்பது கட்டுரைகள் தேறிவிட்டன. கிழட்டு எலிகளைப் பற்றிய நாற்பதாவது, முப்பத்தொன்பது மேற்கோளோடு முட்டிக்கொண்டு நின்றது. ஒன்றே ஒன்று. அந்த ஒன்று தூங்கவிடவில்லை.

"பிள்ளைக்கு நூத்தி ரெண்டுங்க" என்றாள் மனைவி.

"நேத்து எவ்வளவு?"

"தொண்ணூத்தொம்பது."

"பரவாயில்லையே, நல்லா ஏறுது."

நோய் எதிர்ப்பைப் பற்றி நூற்றுப் பதினோரு கட்டுரை எழுதியவர் இவர்.

இவரிடம் அகப்பட்ட ஆராய்ச்சி மாணவிக்கு அது ஆறாவது வருடம். ஆய்வேடு கொடுக்க ஒரு கட்டுரை வெளிவர வேண்டும். வெளிவர இவர் கையெழுத்து வேண்டும்; இவர் பெயரும் அதில் சேரும். அவளிடம் கட்டுரை இருந்தது. சிக்கல் என்னவென்றால், கிழட்டு எலிக் கட்டுரை தப்பு என்பதுதான் அவள் கண்டுபிடிப்பு. தடுப்பூசி போட்டதும் மண்ணீரலில் பாதுகாப்புச் செல்கள் இரட்டிப்பாகின்றன என்று இவர் எழுதியிருந்தார். அவள் நான்கு முறை செய்து பார்த்தாள். இரட்டிப்பாகவில்லை. எண்ணுவதற்காகப் போடும் சாயம் செத்த செல்களிலும் ஒட்டியிருக்கிறது. இவர் அவற்றையும் உயிருள்ளவை என்று எண்ணிவிட்டார். பிணத்தையும் சேர்த்து எண்ணினால் கூட்டம் கூடத்தானே செய்யும்?

முதல் தடவை சொன்னபோது, "மெஷின் சரியில்ல" என்றார். இரண்டாம் தடவை, "உன் கை சரியில்ல." மூன்றாம் தடவை போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆறு வருடம் எலிக்கூண்டு வாடையோடு பஸ் ஏறி, பக்கத்து இருக்கைக்காரர்கள் ஒவ்வொருவராக எழுந்து போவதைப் பார்த்துப் பழகிய பெண் அவள். நான்காம் தடவை கட்டுரையையே எடுத்துக்கொண்டு அவர் அறைக்குள் நுழைந்தாள்.

"சார், முழுசா படிச்சுட்டுக் கையெழுத்துப் போடுங்க. உங்க முடிவுக்கு நேர்மாறா வந்திருக்கு."

"எனக்குப் படிக்கத் தெரியாதாம்மா?"

நீங்களும் நானும் கட்டுரையைத் தலையிலிருந்து படிப்போம். இந்த இனம் வாலிலிருந்து படிக்கும். நேரே கடைசிப் பக்கத்து மேற்கோள் பட்டியலுக்குப் போனார். முதல் வரியிலேயே கிழட்டு எலி. முகம் மலர்ந்துவிட்டது.

"இது வந்தா அதுக்கு நாப்பது ஆயிடும்ல?"

"ஆயிடும் சார். ஆனா முதல் பக்கத்தை ஒரு தடவை..."

"பேனாவைக் குடு."

கட்டுரை வந்தது. நாற்பது ஆனது. கூடம் முழுவதற்கும் டீ வாங்கிக் கொடுத்தார். மறுவாரம் துறைத்தலைவர் நடைவழியில் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"உங்க முடிவு தப்புன்னு நீங்களே எழுதியிருக்கீங்களே. இந்தக் காலத்துல யாருக்கு சார் வரும் இந்த மனசு?"

அவர் முகம் வெளிறியது. ஒரு நொடிதான். பிறகு தலையைத் தாழ்த்தி, "உண்மைதானே சார் முக்கியம்" என்றார். கொஞ்சம் கண்கூடக் கலங்கியதாகக் கேள்வி.

அன்று மாலையே மாணவியைக் கூப்பிட்டார். ஆய்வேட்டை ஏற்றுக்கொண்ட கடிதம் அவள் பையில் இருந்தது. கதவைச் சாத்தச் சொன்னார்.

"அடுத்து நாப்பத்தொண்ணு ஆகணும், இன்னொரு கட்டுரை நாப்பதுலயே நிக்குதும்மா. அதுலயும் ஏதாவது தப்பு இருக்கான்னு பாரேன்."

அவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். "எனக்கு நேரமில்ல சார். ஆனா தேடிக் கஷ்டப்பட வேண்டாம், எதை எடுத்தாலும் கிடைக்கும்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தாள்.

சிரிக்கிறீர்கள். தாராளமாகச் சிரியுங்கள். ஒன்று மட்டும் சொல்லுங்கள்: கடைசியாகக் கைக்கு வந்த குரூப் போட்டோவில் முதலில் யார் முகத்தைத் தேடினீர்கள்? அது நன்றாக விழுந்திருந்ததால்தானே, பக்கத்தில் நிற்கும் தங்கை கண்ணை மூடியிருந்தும் அந்தப் படத்தையே பிரேம் போட்டு வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறீர்கள்?