குறட்டைக்கு ஏற்ற ஆய்வுத் தளம்

ஆராய்ச்சியைக் கொண்டே என் மனைவியை மடக்கிவிடுவது என்று முடிவு செய்தேன். நான்கு நாட்களாகக் கூடத்து சோபாவில் படுக்கிறேன். என் குறட்டையில் ஜன்னல் கண்ணாடி அதிர்கிறதாம். சோபா நாலடி, நான் ஐந்தே முக்கால். மிச்சம் எங்கே போகும் என்று கேட்பாரில்லை.

அவள் கல்லூரி நூலகர். எந்தத் தலைப்புக்கு இணையத்தில் எந்த ஆய்வுத் தளத்தில் தேடவேண்டும் என்று மாணவர்களுக்குச் சொல்லித்தருவதுதான் வேலை. "குறட்டை தப்பில்லன்னு ஒரு ஆய்வுக் கட்டுரை காட்டுங்க, அறைக்குள்ள விடுறேன்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பிப் போனாள். நான் அவளுடைய கணினியைத் திறந்தேன்.

முதலில் மருத்துவத் தளம். நாலாயிரம் கட்டுரைகள். ஒன்றாவது என் கட்சியில் பேசவேண்டுமே! இதயம் கெடும், ரத்த அழுத்தம் ஏறும், பக்கத்தில் படுப்பவர் தூக்கம் போகும். மூடிவிட்டேன். அடுத்தது பொறியியல் தளம். குறட்டைச் சத்தத்தைத் தண்ணீர் பம்போடு ஒப்பிட்டு, பம்பே தேவலை என்று முடித்திருந்தார்கள்.

பட்டியலின் கடைசித் தளத்தில் கிடைத்தது ஒரு தங்கமான கட்டுரை. சுருக்கத்தைப் படிக்கப் படிக்க எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது. 'குறட்டை பிறவிக் குணம். அதற்காக அதட்டக் கூடாது. தனியே படுக்கவைத்தால் ஏங்கிப்போகும்.' என்னைப் பெற்றவள்கூட இப்படிப் புரிந்துகொண்டதில்லை. அச்சடித்து வைத்துக்கொண்டேன்.

சாயங்காலம் அவள் செருப்பைக் கழற்றுவதற்குள் நீட்டினேன்.

"முழுசாப் படிச்சீங்களா?"

"சுருக்கமே போதும். சத்தியமா ஒவ்வொரு வரியும் என்னைப் பத்தித்தான்!"

"எந்தத் தளத்துல எடுத்தீங்க?"

"எதுவா இருந்தா என்ன? ஆராய்ச்சி ஆராய்ச்சிதானே?"

"இது கால்நடை மருத்துவத் தளம்ங்க. சப்பை மூக்கு நாயைப் பத்தின கட்டுரை."

நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

"தலைப்பைப் பாத்துத் தளத்தை எடுக்கணும். நீங்க பதிலைப் பாத்து எடுத்திருக்கீங்க."

"சரி, கிழிச்சுப் போட்டுடு."

"எதுக்கு? நூத்திருபது நாய், மூணு வருஷ உழைப்பு. நான் ஏத்துக்கிறேன். கடைசிப் பக்கத்துல இருக்கிறபடியே செஞ்சிடலாம்."

பிடுங்கிப் பார்த்தேன். சாப்பாட்டைப் பாதியாகக் குறைக்கவும். காலையும் மாலையும் தெருவில் நடத்திச் செல்லவும். குடும்பத்தினர் தூங்கும் அறையிலேயே தூங்கவிடவும்.

ஆக, ஜெயித்தது நான்தான். படுக்கையறைக்கே திரும்பிவிட்டேன். கட்டிலுக்குக் கீழே பழைய போர்வையை நாலாக மடித்துப் போட்டிருக்கிறாள்.