ஓதிய தண்ணீர் குடித்த பெட்டறி

தை மாதப் பனிக்கு மனிதர்கள் போர்த்துக்கொள்வார்கள். கண்டிச் சீமையிலேயே காரின் பெட்டறிக்குக் கம்பளியைப் போர்த்திவிட்டுத் தான் சாக்குக்குள் நுழைந்துகொண்ட மனிதர் ஒருவர்தான் இருந்தார். மடவளையில் வாடகைக் கார் ஓட்டிய அவருக்குப் பெற்றோர் ஒரு பெயர் வைத்துத்தான் இருப்பார்கள். அண்ணனை நாங்கள் நானா என்போம்; எங்களுக்கு அவர் பெட்டறி நானா.

நான் சொல்வது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் பின்பகுதி. அப்போது நான் சந்தியில் ஒரு சில்லறைக் கடை வைத்திருந்தேன். பனிக்காலம் வந்தால் பின்னேரத்து அஸர் தொழுகை முடிந்து திரும்பும் எல்லோரும் ஒரு காட்சியைப் பார்க்கலாம். நானா காரின் அடிப்பலகையைக் கழற்றி, ஒரு கல்லின் பாரமுள்ள அந்தப் பெட்டறியை இடது கையால் மார்போடு அணைத்துத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு நடப்பார். அடுப்படியில் உமி நிரப்பிய பலகைப் பெட்டி ஒன்று காத்திருக்கும். அடுப்புக்கு ரொம்பக் கிட்டவும் கூடாது, எட்டவும் கூடாது. இரண்டு முழம். அளந்து வைப்பார். அப்பம் சுடும் பெண்ணிடம் அப்பச்சோடா வாங்கிக் கரைத்து, ஈயக்கட்டையில் பூத்திருக்கும் பச்சைப் பூஞ்சணத்தைத் துடைப்பார். பிறகு கொஞ்சம் கிறீஸ். பிறகு கம்பளி.

"இந்தாளுக்கு நான் ரெண்டாம் பெண்சாதி. மூத்தவ உமிப் பெட்டிக்குள்ள ஈக்கிறா" என்று அவர் மனைவி என் மனைவியிடம் சொல்வாராம்.

பெட்டறி மழைத் தண்ணீர்தான் குடிக்கும். அதுவும் கூரையில் பட்டது ஆகாது. முற்றத்தில் நாலு கம்பு நட்டு, வெள்ளைத் துணி கட்டி, கீழே சட்டி வைத்துப் பிடித்த தண்ணீர். உள்ளே இருக்கும் அசிட்டின் சத்தை அளக்க ஒரு கண்ணாடிக் குழாயும் அவரிடம் இருந்தது. குழாய்க்குள் மிதவை தலையை நீட்டினால் "அல்ஹம்துலில்லாஹ்." முங்கினால், சாவுச் செய்தி கேட்டதுபோல "இன்னாலில்லாஹ்."

ஹோன் அடித்தால் பெட்டறி இறங்கும் என்று, குளிர் காலையில் அவர் ஹோன் அடிக்கமாட்டார். தலையை வெளியே நீட்டி "ஒதுங்குங்கோ!" என்று கத்துவார். தொண்டை கட்டினால் அந்த வேலை பக்கத்து ஆசனத்துக்கு மாறும். ஒருமுறை திகனைக்குக் கல்யாணத்துக்குப் போனபோது, பூமாலையோடு முன்னால் இருந்த மாப்பிள்ளைதான் பல்லேகல வரைக்கும் மாடுகளைப் பார்த்துக் கத்திக்கொண்டு போனார். நிக்காஹுக்குச் சம்மதம் என்று "கபூல்" சொல்லச் சத்தம் வரவில்லை.

ஊர் சிரித்தது. ஆனால் காரணம் எல்லோருக்கும் தெரியும். சில வருஷங்களுக்கு முன் காரின் முன்பக்கம் ஹேண்டிலைச் செருகிச் சுற்றி எஞ்சினைக் கிளப்பும்போது, ஹேண்டில் திருப்பி அடித்து அவருடைய வலது மணிக்கட்டு முறிந்துவிட்டது. எலும்பு கோணலாகப் பொருந்தியது. ஸ்டியரிங் பிடிக்கலாம். ஹேண்டில் சுற்ற ஏலாது. காரின் சொந்தக்காரரான முதலாளி அன்றே சொல்லிவிட்டார்:

"ஹேண்டில் சுத்த ஏலாத டிரைவரை வெச்சு நான் என்ன செய்ய? பெட்டறியில கெளம்புற வரைக்கும் ஓட்டுங்க. ஒரு நாளைக்கு எனக்கு முன்னால கார் கெளம்பல்லண்டா, சாவியைத் தந்திட்டுப் போங்க."

ஆறு பிள்ளைகளுடைய சோறு அந்த உமிப் பெட்டிக்குள் இருந்தது. அதுதான் கம்பளி.

அந்தத் தையில் முதலாளி ஹஜ்ஜுக்குப் போக நாள் குறித்தார். அன்று காலையில் நானாதான் அவரைக் கண்டி ஸ்டேஷனில் ரயிலேற்ற வேண்டும். அதற்கு முதல் நாள் நானாவின் அடுப்படிக் கூரை ஒழுகியது. பெட்டறியை என் வீட்டு அடுப்படிக்குக் கொண்டுவந்து, பெட்டியோடு இரண்டு முழம் அளந்து வைத்துவிட்டு, திகனையில் ஒரு ஜனாஸா அடக்கத்துக்குப் போனார்.

"பாத்துக்கங்க தம்பி" என்றார். அதோடு நின்றிருக்கலாம். "நாளைக்கு இதுதான் என்ட மானம்" என்றும் சொன்னார்.

அந்த வார்த்தை என் நெஞ்சில் குத்திவிட்டது. என்னால் என்ன செய்ய முடியும்? என் மகளின் காய்ச்சலுக்காகப் பள்ளிவாசல் லெப்பை குர்ஆனின் யாசீன் ஓதி ஊதித் தந்த தண்ணீர் அரைப் போத்தல் மிச்சம் இருந்தது. ஹஜ்ஜுக்குப் போகும் வாகனம், நல்ல எண்ணம், நல்ல நிய்யத்து. பெட்டறியின் மூன்று மூடிகளையும் திறந்தேன். பிஸ்மி சொல்லி ஊற்றினேன். பரக்கத்துக் குறையக்கூடாது என்று விளிம்புவரை ஊற்றினேன். வழிந்ததை நான் உடுத்திருந்த சாரத்தாலேயே துடைத்தேன்.

பின்னேரம் நானா வந்து கண்ணாடிக் குழாயை விட்டுப் பார்த்தார். மிதவை கல்லைப் போல முங்கியது.

"இன்னாலில்லாஹ்! தம்பி, என்னத்த ஊத்தின?"

"ஓதின தண்ணி நானா. பிஸ்மி செல்லித்தான்."

"கெணத்துத் தண்ணியா?"

"கெணத்துத் தண்ணிதான். ஆனா யாசீன் ஓதினது."

நானா தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். அசிட்டு வழிந்து போய், உள்ளே இருப்பது வெறும் தண்ணீராம். குளிருக்கு இது அசையாதாம். உடனே கவிழ்த்துக் கொட்டிவிட்டு, புது அசிட்டு ஊற்றலாம் என்று பெட்டறியை முற்றத்துக்குத் தூக்கினார். முற்றத்தில் நின்று என்னைப் பார்த்தார். நானும் அவரைப் பார்த்தேன். ஓதிய தண்ணீரைக் கால்படும் இடத்தில் ஊற்றலாமா? மரத்தடியில் ஊற்றலாம்; அசிட்டில் மரம் செத்துப்போகும். ஆற்றில் விடலாம், கீழே ஆட்கள் குளிக்கிறார்கள்.

இரண்டு பேருமாகப் பெட்டறியைச் சுமந்துகொண்டு லெப்பையிடம் போனோம். அவர் தாடியைத் தடவினார்.

"தண்ணி நான் ஓதினது. அசிட்டு ஓதாதது. ரெண்டையும் பிரிச்சுக் கொண்டாங்க, தண்ணிக்கு நான் வழி செல்றேன்."

"பிரிக்க ஏலாது லெப்பை!"

"அப்ப கொட்டவும் ஏலாது."

கொட்டவில்லை. அன்றைக்கு அந்தப் பெட்டறிக்கு நானாவின் கம்பளியோடு என் கம்பளியும் சேர்ந்தது. என் சாரம் வேறு, தண்ணீரில் நனைத்ததும் சல்லடையாகிவிட்டது. மகளின் காய்ச்சல் மட்டும் இறங்கியிருந்தது. அல்லாஹ்வின் கிருபை.

காலையில் முதலாளி வீட்டு வாசலில் ஊரே வழியனுப்பத் திரண்டிருந்தது. பனியில் ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியவில்லை. அங்கே நின்ற காரில் நானா பெட்டறியைப் பூட்டியிருந்தார். துஆ ஓதி முடிந்தது. முதலாளி ஏறி உட்கார்ந்தார். நானா ஸ்டார்ட்டரை மிதித்தார். எஞ்சின் "ங்ங்ர்ர்..." என்று ஒருமுறை முனகியது. இரண்டாம் முறை அதுவும் இல்லை.

முதலாளி மெதுவாகக் குனிந்து நானாவைப் பார்த்தார். நானாவின் கை சாவியை நோக்கிப் போவதை நான் பார்த்தேன். நான்தான் குற்றவாளி என்று சொல்ல வாயைத் திறந்தேன்.

அதற்குள் லெப்பை கூட்டத்தைப் பிளந்துகொண்டு முன்னால் வந்தார்.

"என்ன எல்லாரும் மரம் மாதிரி நிக்கிறீங்க? ஹஜ்ஜுக்குப் போற வாகனம். இதைத் தள்ளிக் குடுக்கிற நன்மையை நாங்க எடுக்கிறதா, எஞ்சினுக்கு உட்டுக் குடுக்கிறதா?"

அவ்வளவுதான். நன்மை என்றதும் நாற்பது பேர் பாய்ந்தார்கள். மட்கார்டில் இடம் பிடிக்கச் சண்டை. "ஒரு கையாவது வெக்க உடுங்க!" என்று ஒருவர் கெஞ்சினார். தள்ள இடம் கிடைக்காத கிழவர் ஒருவர் தள்ளியவரின் முதுகைத் தள்ளினார். "அல்லாஹு அக்பர்" என்று தக்பீர் முழங்கக் கார் சரிவில் உருண்டது. நானா கிளச்சை விட்டார். கார் இரண்டு முறை தும்மிவிட்டு உறுமத் தொடங்கியது. முதலாளியின் கண்களில் நீர். இப்படி ஒரு வழியனுப்புதல் எந்த ஹாஜிக்குக் கிடைத்தது?

"தம்பி, பாய்ஞ்சு ஏறுங்க! நடுவழியில நிண்டா நீங்கதான் தள்ளோணும்" என்றார் நானா. நானும் தொற்றிக்கொண்டேன்.

ஸ்டேஷனில் நானா இறங்கவில்லை. எஞ்சினை நிறுத்தினால் கதை முடிந்தது. முதலாளி சுற்றிவந்து அவர் பக்கத்துக் கதவருகே நின்றார். ஹஜ்ஜுக்குப் போகிறவர் யாருடைய மனத்தாங்கலையும் சுமந்துகொண்டு போகக்கூடாதே.

"நானா, உங்கட கையப் பத்தி நான் செல்லினது பெரிய பேச்சு. மன்னிச்சுப் பொருந்திக்கங்க. நான் திரும்பி வந்தாலும் வராட்டியும் இந்த கார் உங்கட கையிலதான். மகன்மார்கிட்டயும் செல்லிட்டேன்."

"பொருந்திட்டேன் முதலாளி. கெதியா போங்க, எஞ்சின் திக்குது!"

முதலாளி ஜன்னல் வழியாகவே அவரைக் கட்டிப்பிடித்தார். நானா ஒரு காலால் ஆக்ஸிலரேட்டரை மிதித்துக்கொண்டே அழுதார். அவர் விம்மிய போதெல்லாம் எஞ்சினும் விம்மியது.

ரயில் போனபின், பெட்டறிக்குச் சார்ஜ் ஏறவேண்டும் என்று காரைக் கண்டி வாவிப் பக்கம் திருப்பினார். வாவியைச் சுற்றினோம். முதல் சுற்றில் அவர் எஞ்சினுக்குக் காது கொடுத்துக்கொண்டே ஓட்டினார். இரண்டாம் சுற்றில், "நானா, என்னையும் பொருந்திக்கங்க" என்றேன். அவர் ஆக்ஸிலரேட்டரை இன்னும் கொஞ்சம் மிதித்தார். மூன்றாம் சுற்றில், "அந்தத் தண்ணியை நல்ல மனசோடதானே ஊத்தின?" என்றார்.

"அல்லாஹ் சாட்சி."

"அப்ப பொருந்திட்டேன்." பிறகு, "இன்னும் ஒரு சுத்துப் போவமா, தம்பி?" என்றார்.

கடை திறக்க நேரமாகிவிட்டது என்று சொன்னேன். அவர் மௌத்தாகி அடக்கமாகி எத்தனையோ வருஷங்களாகிவிட்டன. கடையை அன்றைக்குப் பூட்டியே வைத்திருக்கலாம்.